ஓலை வாசிக்கிற ஞாயிறு

…இடது தோள் லேசாகத் தூக்கி நிற்கிறது, அப்படியென்றால் மனசு இன்னும் இறங்கி வரவில்லை, மனசு இறங்கினால் அந்தத் தோளும் இறங்கும், முப்பது வருஷத்துக்கு மேல் அந்த முதுகைப் பார்த்தே பூசை கண்டவளுக்கு இதுகூடவா தெரியாது, ஆனால் தோளுக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம், அந்தத் தேக்கு நாற்காலியே ஒருபக்கம் கோணல், அதில் ஞாயிற்றுக்கு ஞாயிறு சாய்ந்து உட்கார்ந்து ஆளும் கோணிப்போயிருப்பார், நாம்தான் ஒரு சட்டைத் துணியில் சாத்திரம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று கித்தேரி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். சந்தியாகப்பர் கோயிலில் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசை அவளுக்கு, ஆண்கள் பக்கத்தில் எல்லாருக்கும் முன்னால், பீடத்துப் படிக்கு அருகில் தனியாகக் கிடக்கிறது அந்த நாற்காலி, புன்னைத்துறைக்குப் பட்டங்கட்டி, தகப்பன் வழியாக வருகிற ஊர்த்தலைவர், யாரோ அவர் மட்டும்தான் அதில் உட்காரலாம், உட்கார்ந்திருக்கிறவர் அவள் கணவர் இஞ்ஞாசி தல்மெய்தா. வாரம் ஆறு நாள் தூத்துக்குடியில் கிளியரிங் ஏஜென்சி, கஸ்டம்ஸ் ஆபீஸில் மகன் வயசுப் பையன்களுக்கெல்லாம் சார் போட்டு, கன்டெய்னர் எப்போது வெளியே வரும் என்று போனில் தொண்டை வற்றக் கத்தி, ஏழாம் நாள் இங்கே வந்து ராஜாவாக உட்காருகிறவர். இன்றைக்குக் காரில் வரும்போது உப்பளத்து வெள்ளையில் கண் கூசியதற்கு மட்டும் ஒரு வார்த்தை சொன்னார், அவளும் ஒன்றும் கேட்கவில்லை, எழும்புவீங்களா மாட்டீங்களா என்று எத்தனை தடவைதான் கேட்பது, கேட்டால் ‘பாப்போம்’ என்பார், அந்தப் பாப்போம் என்கிற சொல்லுக்கு இந்த மனுஷனிடம் ஒன்பது அர்த்தம். பீடத்தில் புதுப் பங்குச்சாமி பிரசங்கத்தை இழுத்துக்கொண்டே போகிறார், இழுக்கட்டும், நன்றாக இழுக்கட்டும், பிரசங்கம் முடிந்தால் ஓலை.

ஓலை என்றால் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்கிறது, எல்லா ஊர்க் கோயிலிலும் உள்ளதுதான், மணப்பாட்டில் அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது யார் பெயர் வருகிறது என்று கேட்பதற்காகவே பிரசங்கத்தில் தூங்காமல் இருப்பாள், ஆனால் புன்னைத்துறையில் மட்டும் ஒரு வழக்கம் உண்டு, முதல் ஓலை வாசித்ததும் பட்டங்கட்டி எழும்பி நிற்க வேண்டும். பேச வேண்டாம், கைதூக்க வேண்டாம், எழும்பி நின்று உட்கார்ந்தால் போதும், இந்தக் கல்யாணத்தில் எனக்குத் தெரிந்து ஒரு விக்கினமும் இல்லை, ஊருக்குச் சம்மதம் என்று அர்த்தம். எழும்பாவிட்டால்? எழும்பாவிட்டால் ஒன்றுமில்லை, சாமியார் பாட்டுக்குக் கல்யாணத்தை நடத்தி வைப்பார், சட்டம் ஒன்றும் செய்யாது, ஆனால் ஊர் அந்தக் கல்யாணத்தில் கை நனைக்காது. அவள் கல்யாணமாகி வந்த மறுவருஷம் மாமனார் ஒரு ஓலைக்கு எழும்பாமல் இருந்ததை அவள் இதே வரிசையில் உட்கார்ந்து பார்த்தாள், கிழவர் அசையாமல் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பின்னாலிருந்து பெண்ணைப் பெற்றவள் ஒரு தடவை விசும்பினாள், ஒரே தடவை, அப்புறம் வாயில் சேலையை வைத்து அடைத்துக்கொண்டாள். கல்யாணம் நடந்தது, வெட்டின ஆடும் வடித்த சோறும் அப்படியே கிடந்தன, அந்தக் குடும்பம் தூத்துக்குடிக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டது, ஊர்த் திருவிழாவுக்குக்கூட வருவதில்லை. அந்த விசும்பல் அவள் காதில் இன்னும் கிடக்கிறது, ஏன் எழும்பவில்லை என்று மாமனாரிடம் யாரும் கேட்கவில்லை, அவளும் அன்றைக்குக் கேட்கவில்லை, புதுமருமகள் எதைக் கேட்க முடியும். கர்த்தாவே, அந்தச் சத்தம் இன்றைக்கு என் பின்னாலிருந்து வரவேண்டாம், அவர் எழும்பட்டும், வேறொன்றும் நான் கேட்கவில்லை…

இன்றைக்கு இரண்டு ஓலை. முதலில் கடற்கரைத் தெருவில் ஷாமுக்கு, அது யாருக்கும் பொருட்டில்லை, இரண்டாவது அவளுடைய மகனுக்கு. ஆன்றோ வாசல் பக்கம் சேக்காளிகளோடு நிற்கிறான், கப்பலில் செகண்ட் என்ஜினியர், லீவு முடிய இன்னும் ஒரு மாசம்கூட இல்லை, நேற்று ராத்திரிச் சாப்பாட்டில் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான், “யம்மா, அப்பா நாளைக்கு எழும்பலன்னா நான் கப்பல்ல ஏறிருவேன், பெறகு இந்தப் பக்கம் என்ன தேடாதீய,” சொல்லிவிட்டு மீன் முள்ளை ஒவ்வொன்றாகத் தட்டு ஓரத்தில் அடுக்கினான், சின்ன வயசிலும் அழுகையை அடக்குவதற்கு அப்படித்தான் அடுக்குவான். பெண் யாரென்றால் டெல்சி, குடை வீட்டு எஸ்தாக்கி மகள். குடை வீடு என்றால், பட்டங்கட்டி வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் திருவிழாவில் பட்டங்கட்டி பவனி வந்தாலும் தலைக்கு மேல் அந்தப் பெரிய வெள்ளைக் குடையைப் பிடிக்கிற வீடு, தகப்பன் விட்டால் மகன் என்று எத்தனையோ தலைமுறையாக. எஸ்தாக்கி இப்போது துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார், யானை யானையாகக் கன்டெய்னரைத் தூக்கிக் கப்பலில் வைக்கிறவர், இருந்தாலும் திருவிழா அன்று லீவு போட்டுவிட்டு வந்து குடையைத் தூக்குவார். டெல்சிக்கு வேலை கொடுத்ததே இவர்தான், நம் ஊர்ப் பிள்ளை, பி.காம். படித்திருக்கிறது, பேப்பர் வேலை பார்க்கட்டும் என்று, ரெண்டே வருஷத்தில் “அவ இல்லன்னா நம்ம ஆபீஸ்ல ஒரு பில்லு நகராது” என்று வீட்டில் வந்து பெருமை பேசினவரும் இவர்தான். லீவில் வந்த மகன் அப்பாவைக் கூட்டிவர ஆபீஸுக்குப் போனான், போனவன் தினமும் போனான், அப்பாவின் மேல் இவ்வளவு பாசமா என்று இவர் வேறு சந்தோஷப்பட்டார், பாவம்.

விஷயம் தெரிந்த அன்று கத்துவார் என்று பார்த்தாள், கத்தவில்லை, பிள்ளை கெட்டுவிட்டான் என்று சொல்லவில்லை, அந்தப் பெண்ணை ஒரு குறை சொல்லவில்லை, சாய்வு நாற்காலியில் வெகுநேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “பிள்ள தங்கமான பிள்ளதான். எனக்குத் தெரியாதா. ஏளா, குடைய யாரு பிடிப்பா?” அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, குடி முழுகுகிற பேச்சுக்கு நடுவில் குடையா, ஆனால் யோசிக்க யோசிக்கச் சிரிப்பு அடங்கிப்போயிற்று. பட்டங்கட்டி வீட்டு மாப்பிள்ளை குடையில்லாமல் கோயிலுக்கு நடக்க முடியாது, குடையை எஸ்தாக்கி வீட்டைத் தவிர இன்னொருவர் தொட முடியாது, எஸ்தாக்கி பிடித்தால் மாமனார் மருமகனுக்குக் குடை பிடிக்கிறார் என்றாகும், ஊர் சிரிக்கும், மாமனாரை மதிக்காத மாப்பிள்ளைக்கு என்ன பட்டம் வேண்டியிருக்கிறது. வேறு ஆளைப் பிடிக்கச் சொன்னால் எஸ்தாக்கியின் உரிமை போயிற்று, அதற்காகவே அவர் சங்கடப்படுவார். குடையே வேண்டாமென்றால்… வேண்டாமென்று எப்படிச் சொல்வது. இவர் எஸ்தாக்கியைக் கூப்பிட்டுக் கேட்டார், அவரோ நின்ற வாக்கிலேயே “அதுக்கென்ன ஐயா, நான் எப்பவும் போல பிடிக்கேன், பிடிச்சி பழகின கைதான” என்றுவிட்டார். மறுநாள் டெல்சி வீட்டுக்கு வந்து கித்தேரியிடம் நேராகவே சொன்னாள், “அத்தை, எங்கப்பா குடை பிடிச்சா நான் கோயிலுக்கு வரமாட்டேன். மாமா மனசார எழும்பலன்னாலும் வேண்டாம். எங்கப்பா ஊருக்குள்ள தல குனிஞ்சி நடக்கக் கூடாது, அவ்வளவுதான் அத்தை.” அழவில்லை, குரல் உயரவில்லை, கொடுத்த காப்பியை முழுக்கக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவியும் வைத்துவிட்டுப் போனாள். நியாயமாகத்தான் பேசுகிறாள், இதில் என்ன தப்பு, தகப்பனுக்காகப் பேசுகிற பெண் நாளைக்கு மாமனாருக்காகவும் பேசுவாள் என்று இவரிடம் சொல்லி மூன்று மாசமாக வாதாடிக்கொண்டிருப்பவள் கித்தேரிதான். அன்றைக்கு அந்தத் தம்ளரை மட்டும் எதற்காக மறுபடியும் எடுத்துக் கழுவினோம்? அது சரியாகக் கழுவாமல் இருந்ததா… இருந்திருக்கும்.

குடை. இவருக்கு அதைப் பற்றி என்ன தெரியும், அதைத் தூக்கிக்கொண்டு வருவது தெரியும், அதற்கு அடியில் நடப்பது ஒரு பெண்ணுக்கு என்னவென்று எங்கே தெரியும். அவளை மணப்பாட்டிலிருந்து அம்பாசடர் காரில் அழைத்து வந்தார்கள், ஊர் எல்லையில் இறக்கி விட்டார்கள், அதற்கு மேல் கார் வரக்கூடாது, பட்டங்கட்டி வீட்டு மணப்பெண் நடந்துதான் கோயிலுக்குப் போக வேண்டும், ஆனால் மண்ணில் கால் படக்கூடாது. மணலில் வெள்ளைத் துணியை விரித்துக்கொண்டே போனார்கள், இருந்த துணி பத்தவில்லை, அவள் கடந்த துணியைப் பின்னாலிருந்து சுருட்டி எடுத்துப் பையன்கள் முன்னால் ஓடுவார்கள், விரிப்பார்கள், மறுபடியும் ஓடுவார்கள், ஒருவன் வேட்டி தடுக்கி விழுந்தான், அவள் தலை குனிந்தபடியே சிரிப்பை அடக்கியதில் காதில் கிடந்த முத்து ஆடியது. அந்த முத்தும் ஒரு வேடிக்கைதான், முத்துக் குளிப்பு நின்று எத்தனையோ காலமாயிற்று, முத்துக்கரைத் தலைவர் வீட்டுக் கல்யாணத்துக்கு முத்து ஹைதராபாத்திலிருந்து வந்தது, மாமனார் அதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று சொல்லியிருந்தார், ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. நல்ல உச்சி வெயில், கோடை, கடலைப் பார்த்தால் கண் அவிந்துவிடும், ஆனால் அவள் தலைக்கு மேல் குடை, சிவப்புக் குஞ்சம் தொங்குகிற வெள்ளைக் குடை, டெல்சியின் தாத்தா தொம்மை பிடித்து வந்தார், காற்று கடலிலிருந்து அடிக்க அடிக்க அவர் காம்பை மார்போடு அணைத்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்தார், அவள் பார்த்தது அவருடைய பாதங்களை மட்டும்தான், அவை வெறும் மணலில், சுடுகிற மணலில், துணிக்கு வெளியே. சுட்டிருக்குமே என்று அன்றைக்குத் தோன்றியதா? தோன்றவில்லை. நிழல் தன்னோடு கூடவே வருகிறது, தான் நின்றால் நிற்கிறது, நடந்தால் நடக்கிறது, இந்த உலகத்தில் இந்த வட்டம் எனக்கென்று உள்ளது, இதுதான் தோன்றியது. மாதா சுரூபத்துக்கு அடுத்தபடி தான்தான் என்று தோன்றியது, பாவமென்று தெரிந்தும் தோன்றியது. ஊர்ப் பெண்கள் கூரைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள், மணப்பாட்டுப் பெரிய வீட்டுப் பெண்ணாம், வாரா பாரு, வாரா பாரு என்று… அந்தக் கொஞ்ச தூரத்துக்கு அவள் ராணி. மறுநாள் விடியலில் ராணி கிணற்றடியில் குந்தி உட்கார்ந்து சீலா மீன் செதிள் எடுத்துக்கொண்டிருந்தாள், பெரிய வீட்டின் கூரை மூன்று இடத்தில் ஒழுகியது, அதனாலென்ன, நடந்தது நடந்ததுதான், அதை யாரும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. பால் வாங்கப் போன இடத்தில், பஸ் ஸ்டாண்டில், பிரசவ ஆஸ்பத்திரியில், காசு முடையில் மனசு சுருங்குகிற போதெல்லாம் அந்த நிழலுக்குள் ஒரு நிமிஷம் போய் நின்றுவிட்டு வருவாள், இவரிடம்கூட இதைச் சொன்னதில்லை.

இவரிடம் என்னதான் சொல்லியிருக்கிறோம்… அஞ்சு ஊர், அஞ்சு வீடு, பட்டங்கட்டி வீடுகள் தங்களுக்குள்தான் பெண் கொடுக்கும், எடுக்கும், அந்தத் தடவை மணப்பாட்டு முறை, முதலில் பேசினது அவள் அக்காளைத்தான், அக்காள் கன்னியர் மடத்துக்குப் போகிறேன் என்று பிடிவாதம் பிடித்துப் போய்விட்டாள், போனதால் முறை கித்தேரிக்கு வந்தது. பெண் பார்க்க இவர் வரவில்லை, மாமனார் வந்தார், அவளைப் பார்த்ததைவிடச் சுவரில் தொங்கின அவள் பூட்டன் படத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார், பார்த்துவிட்டு வீடு சரி என்றார். வீடு சரி, பெண் சரி என்று அவர் சொல்லவில்லை. ஆன்றோவிடம் உனக்கு இவளை எதுக்குடா பிடித்தது என்று கேட்டதற்கு அவன் சொன்னான், “அவ என்னைப் பாத்து சிரிச்சா யம்மா, நான் ஆபீஸ்ல பேப்பர மாத்தி எடுத்துட்டேன், சிரிச்சா. அவ்வளவுதான்.” அவ்வளவுதானா. சிரித்தாள், பிடித்துவிட்டது. இவர் தன்னைப் பார்த்து அப்படி என்றைக்காவது… இல்லை, நல்ல மனுஷர், குடித்து வந்ததில்லை, கை ஓங்கினதில்லை, அவளுக்கு டைபாய்டு வந்தபோது ஆபீஸைப் பூட்டிவிட்டுக் கஞ்சி வைத்துக் கொடுத்தார், ஆனால் எதையும் கேட்டதில்லை. ஊரை விட்டுத் தூத்துக்குடிக்குக் குடிபோக முடிவு பண்ணினவர் சாப்பிட்டுக்கொண்டே “அடுத்த மாசம் போறோம், சாமான எடுத்து வையி” என்றார், அவளும் எடுத்து வைத்தாள், ஒரு பையன் போதும் என்று முடிவானதும் அப்படித்தான், பெரிய வீட்டின் பின்கட்டை விற்றதும் அப்படித்தான். வம்பாகச் செய்கிறவர் இல்லை, கேட்கவேண்டும் என்று தோன்றாது, அவருக்கு மட்டுமென்ன, யார் எதைக் கேட்டார்கள், நாற்காலியில் உட்காரு என்றார்கள், உட்கார்ந்தார்.

இப்போது ஊர் வாட்ஸப்பில் ஆளாளுக்கு எழுதுகிறார்கள், சீமையிலே ராஜா வீட்டுப் பிள்ளைகளே பிடித்தவளைக் கட்டிக்கொள்கிறார்கள், கிரீடம் என்ன கீழேயா விழுந்துவிட்டது என்று ஒருத்தன், ராஜாவுக்கு என்ன, அவனுக்குச் சம்பளம் உண்டு, நம் பட்டங்கட்டிக்கு மரியாதை ஒன்றுதானே சொத்து, அதையும் விட்டால் என்ன மிச்சம் என்று இன்னொருத்தன். அடுத்த பட்டங்கட்டி ஆன்றோ கப்பலிலே கிடப்பானே, ஓலைக்கு வீடியோ காலில் எழும்புவானா என்று ஒரு விளையாட்டுப் பயல், அதற்குக் கீழே சிரிப்புப் படம் வரிசையாக. டி.வி.யில் ஒரு தடவை வெளிநாட்டு ராஜ குடும்பத்துக் கல்யாணம் காட்டினார்கள், கித்தேரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து பார்த்தாள், சாதாரண வீட்டுப் பெண்ணாம், என்ன நீளமான உடுப்பு, குதிரை வண்டி, பக்கத்து வீட்டு வேதமணி டீச்சர், நாசரேத்துக்காரி, புரொட்டஸ்டன்ட் சபை, அவர்களுக்கு இந்த மாதிரிப் பட்டம் பரிவட்டமெல்லாம் கிடையாது, அவள் ரொம்ப சந்தோஷமாக “பாத்தீங்களாக்கா, காலம் மாறிட்டு, இனிமே யாரு வேணா ராணி ஆவலாம்” என்றாள். கித்தேரியும் ஆமா ஆமா என்றாள். யார் வேண்டுமானாலும் ஆகலாம் என்றால்… அன்றைக்கு அந்த வாக்கியத்தை அதற்கு மேல் நினைக்கவில்லை, குழம்பு ஆறிப்போயிருந்தது, எழுந்து போய்விட்டாள். இப்போது பிரசங்கத்து நடுவில் அது ஏன் வருகிறது. வேண்டாம், இதை நினைக்க வேண்டாம், ஆன்றோ மீன் முள்ளை அடுக்கியதை நினை, பிள்ளை முகத்தை நினை, அவர் எழும்பட்டும், எழும்பாமல் இருந்தால் பிள்ளை போய்விடுவான், ஒற்றைப் பிள்ளை, போனால் வீட்டில் இரண்டு கிழங்கள் எதிரெதிரே உட்கார்ந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான், குடை கோயில் அறையில் எலி கடித்துக்கொண்டு கிடக்கும், அப்போது அந்தக் குடையை யார் பிடிப்பார் என்று கேளுங்கள். அருள் நிறைந்த மரியே…

சாமியார் ஆமென் என்றார், ஆட்கள் இருமினார்கள், கால் மாற்றி உட்கார்ந்தார்கள், எல்லாரும் எதையோ எதிர்பார்த்து நிமிர்ந்ததைக் கித்தேரியால் முதுகாலேயே உணர முடிந்தது. உபதேசியார் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தார். முதல் ஓலை, ஷாமின் பெயர், உவரிப் பெண்ணின் பெயர், வாசித்த வாய் மூடுவதற்குள் இஞ்ஞாசி எழும்பிவிட்டார், சட்டென்று, பஸ்ஸில் நம் ஊர் வந்துவிட்டால் எழும்புகிற மாதிரி, நின்றார், உட்கார்ந்தார், இதில் ஒரு யோசனையும் இல்லை, எத்தனை வருஷத்துப் பழக்கம். இப்படியே, இதே வேகத்தில், அடுத்ததற்கும் எழும்பிவிடுங்கள், யோசிக்காதீர்கள், உங்கள் கால் எழும்பட்டும், மனசு பின்னால் மெதுவாக வரட்டும். கித்தேரி ஜெபமாலையை விரலில் சுற்றி இறுக்கினாள். பின்னால் இரண்டு வரிசை தள்ளி டெல்சியும் அவள் அம்மாவும் இருக்கிறார்கள், திரும்பிப் பார்க்கக்கூடாது, பார்த்தால் அந்தப் பெண்ணின் கண்ணில் தன் முகம் என்னவாகத் தெரியும் என்று பயமாக இருந்தது. இரண்டாவது ஓலை. புன்னைத்துறை இஞ்ஞாசி தல்மெய்தா, கித்தேரி இவர்களுடைய மகன் ஆன்றோவுக்கும், இதே பங்கைச் சேர்ந்த எஸ்தாக்கி, அமலி இவர்களுடைய மகள் டெல்சிக்கும்… தன் பெயரைக் கோயில் ஸ்பீக்கரில் கேட்டு எத்தனை காலமாயிற்று, கடைசியாக வாசித்தது மணப்பாட்டில், அப்போதும் இப்படித்தான் யாரோ இன்னொருத்தியின் பெயர் போலிருந்தது. இவர்களுக்குள் விக்கினம் உண்டென்று அறிந்தவர்கள் தெரியப்படுத்தக் கடமைப்பட்டிருக்கிறார்கள். சாமியார் தாளை மடித்தார். நாற்காலி அசையவில்லை. ஃபேன்கள் மட்டும் ஓடுகின்றன, வெளியே ஏதோ வள்ளத்தின் மோட்டார், ஒரு குழந்தை, அவ்வளவுதான்.

எழும்புங்க. ஏங்க, எழும்புங்க… ஆண்கள் பக்கத்தில் எஸ்தாக்கி குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து அந்த விசும்பல் வரப்போகிறது, இதோ வரப்போகிறது என்று கித்தேரி காதை இறுக்கிக்கொண்ட நேரத்தில் இஞ்ஞாசியின் இரண்டு கைகளும் நாற்காலியின் கைகளைப் பிடித்தன, உடம்பு பாதி மேலே வந்தது, அங்கேயே நின்றது. அப்புறம் இந்தக் கோயிலில் எந்தப் பட்டங்கட்டியும் செய்யாத ஒன்றைச் செய்தார், பீடத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினார், பெண்கள் பக்கம், வரிசை வரிசையாகத் தேடினார், முக்காடு போட்ட தலைகளுக்கு நடுவில் தன் மனைவி எங்கே உட்காருவாள் என்றுகூடத் தெரியாத மனுஷர், அவள்தான் இத்தனை வருஷம் அவரைப் பார்த்தாளே ஒழிய அவர் எங்கே பார்த்தார், தேடி, தேடி, கண்டுபிடித்துவிட்டார். கோபமில்லை அந்த முகத்தில், தோளும் இறங்கியிருந்தது, புருவம் மட்டும் கொஞ்சம் ஏறி நின்றது, என்ன சொல்லுதே என்று. எழும்பட்டுமா என்று. அவளிடம். ஊர் மொத்தமும் அவர் பார்வை போன வழியே திரும்பி அவளைப் பார்த்தது. சொல்ல வேண்டியது ஒன்றுதானே, மூன்று மாசமாகச் சொன்னதுதானே, ஆனால் வாய்க்குள் அது இல்லை, தேடினால் அங்கே வெயிலும் குஞ்சமும் கூடவே நடக்கிற அந்த நிழலும்தான் இருந்தன. இவரைத்தான் சொன்னோம், பழசைக் கட்டிக்கொண்டு அழுகிற மனுஷன் என்று, இவருக்குக் குடையை யார் பிடிப்பார் என்பதுதான் கவலை, குடையே வேண்டாம், விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் விட்டிருப்பார், விட மாட்டாதவள் இங்கே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள், சிரித்ததற்காக ஒருத்தி அந்த வீட்டுக்குள் வரலாம் என்றால், வீடு சரி என்று வந்தவள் எதற்காக வந்தாள், பெண் சரி என்று யாரும் சொல்லாமலே ஒரு ஆயுசு ஓடிவிட்டதே, அதற்குப் பதிலாகக் கிடைத்தது அந்தக் கொஞ்ச தூரம்தானே, அதையுமா… அவர் இன்னும் பாதி எழும்பினபடியே நிற்கிறார், முழங்கால் வலி உள்ளவர், உட்காரவும் இல்லை, அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை, சொல்லும்வரை இப்படியே நிற்பார் போலிருந்தது. கித்தேரியின் தலை அசைந்தது. இஞ்ஞாசி நிமிர்ந்து முழுக்க எழும்பி நின்றார், பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள், யாரோ அழுதார்கள், நல்ல அழுகைதான், சாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டு விசுவாசப் பிரமாணத்தைத் தொடங்கினார். எல்லாரோடும் சேர்ந்து அவளும் எழுந்து நின்று உதட்டை அசைத்தாள், சரி என்றுதான் தலை அசைந்தது, அதில் சந்தேகமில்லை, ஆனால் அந்தச் சரி டெல்சிக்கா, இல்லை இத்தனை வருஷம் கழித்துத் தன்னிடம் ஒன்றைக் கேட்ட அந்த மனுஷருக்கா என்று அவளுக்கே தெரியவில்லை.